மோர் சிறுநீரகக் கல்லைக் கரைக்குமா, வளர்க்குமா? லாக்டிக் அமிலம் பற்றி ஒரு சந்தேகம்

பள்ளத்தூர் வாசி (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்கு வயசு 44, எடை 86 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இடது சிறுநீரகத்துல 7 மி.மீ. கல். சி.டி. ரிப்போர்ட்ல 420 ஹவுன்ஸ்ஃபீல்டுன்னு போட்டிருக்கு, ஆனா எக்ஸ்ரேயில கல்லே தெரியல. ரத்தத்துல யூரிக் அமிலம் 7.9, கிரியேட்டினின் 1.1. சிறுநீர் பி.எச். 5.0. காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்ல. டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்து, மூணு மாசம் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்.

வீட்டுல ஆளுக்கொரு பேச்சு. ஆயா சொல்றது: "மோரை விடாமக் குடி, புளிப்பு கல்லை அரிச்சுரும். ஆத்தங்குடிக் கல்லுல புளிச்ச மோர் சிந்திக் கெடந்தா பளபளப்பே போயிருதுல்ல?" ஜிம் மாஸ்டர் சொல்றது: "லாக்டிக் ஆசிட் தேங்கித்தான் கல்லாகுது, தயிரை நிறுத்துங்க." மருந்துக்கடையில: "பால், தயிர் எல்லாம் கால்சியம், தொடவே தொடாதீங்க."

இதுல யார் சொல்றது சரி? தயிர், மோர், நீராகாரம் எல்லாத்திலயும் லாக்டிக் அமிலம் இருக்குன்னு தெரியும். அது சிறுநீருக்குப் போகுமா?

நெஃப்ரான்:

ரிப்போர்ட்டை முதலில் பார்ப்போம். 420 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யில் கல்லின் அடர்த்தியைக் காட்டும் எண்), எக்ஸ்ரேயில் தெரியவில்லை, சிறுநீர் பி.எச். 5.0 (எண் இறங்க இறங்க அமிலம், ஏற ஏறக் காரம்), கூடவே சர்க்கரையும் 86 கிலோவும். இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. இது பெரும்பாலும் யூரிக் அமிலக் கல். கால்சியம் ஆக்சலேட் கல்லாக இருந்தால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்திருக்கும், ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும் பெரும்பாலும் ஆயிரத்தை ஒட்டி நிற்கும். கல் வெளியே வந்து ஆய்வகத்துக்குப் போனால்தான் முழு உறுதி. ஆனாலும் மூன்று மாதம் சிரப் கொடுத்துப் பார்க்கலாம் என்று உங்கள் டாக்டர் சொன்னதற்குக் காரணம் இதுதான். கல் வகைகளில் வாய்வழி மருந்துக்குக் கரைந்து கொடுப்பது முக்கியமாக இந்த ஒன்று.

இனி லாக்டிக் அமிலம். ஒரு கப் தயிரில், 200 கிராம் என்று வையுங்கள், ஒன்றரை முதல் இரண்டு கிராம் லாக்டிக் அமிலம் இருக்கும். மில்லிமோலில் சொன்னால் சுமார் 20. நம் உடம்பே ரத்தச் சிவப்பணு, தசை, தோல், மூளை என்று பல இடங்களில் ஒரு நாளைக்கு 1300 முதல் 1500 மில்லிமோல் லாக்டேட் தயாரிக்கிறது. ஈரலும் சிறுநீரகமும் அதை எடுத்து குளுக்கோஸாக்குகின்றன, அல்லது எரித்துக் கரியமில வாயுவும் தண்ணீருமாக்குகின்றன. வாயு மூச்சில் போய்விடும், அமிலம் என்று ஒன்று மிஞ்சாது. ஊருணியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினது போலத்தான் அந்தத் தயிர். சிறுநீரக வடிகட்டியைத் தாண்டி வரும் லாக்டேட்டைக்கூட அடுத்த குழாயே கிட்டத்தட்ட முழுசாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஆக, வாயில் புளித்தது சிறுநீரில் புளிக்காது. இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலில் லிட்டருக்கு 28 மில்லிமோல் லாக்டேட் இருக்கிறது, சோடியத்தோடு உப்பாக. உடம்பு அந்த லாக்டேட்டை எரித்ததும் மிஞ்சுவது காரமான பைகார்பனேட். அமிலத்தின் பெயரைக் கேட்டதுமே பயப்பட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜிம் மாஸ்டர் சொன்னதில் கால்வாசி உண்மை உண்டு, ஆனால் தயிரை அதில் இழுத்தது தப்பு. மூச்சு வாங்க வாங்கச் செய்யும் பயிற்சியில் ரத்த லாக்டேட் லிட்டருக்கு 10 மில்லிமோலுக்கு மேலேகூட ஏறும், ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். அது தேங்கிப் படிகமாகாது, அந்தப் பேச்சே வேண்டாம். அது செய்யும் வேலை வேறு. சிறுநீரகக் குழாயில் யூ.ஆர்.ஏ.டி.-1 என்று ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது, 2002-ல் கண்டுபிடித்தார்கள். அது பண்டமாற்று முறையில் ஓடுகிறது: செல்லுக்குள் இருக்கும் லாக்டேட்டை வெளியே விட்டு, சிறுநீரில் இருக்கும் யூரேட்டை (யூரிக் அமிலத்தின் உப்பு வடிவம்) உள்ளே இழுக்கும். லாக்டேட் கூடினால் யூரேட் கூடுதலாக ரத்தத்துக்குத் திரும்பும், ரத்த யூரிக் அமிலம் ஏறும். மது குடித்தவருக்கு ஏறுவதற்கும் இது ஒரு காரணம்.

ஆனால் கவனியுங்கள், அந்த நேரத்தில் சிறுநீருக்குப் போகும் யூரிக் அமிலம் குறையத்தான் செய்கிறது. அப்படியானால் கல் எங்கிருந்து வருகிறது? வியர்வையில் தண்ணீர் போய் சிறுநீர் சுண்டுகிறது, பி.எச். இறங்குகிறது. கல் கட்டுவது அந்த இரண்டும்தான்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்குச் சிறுநீரகம் போதுமான அம்மோனியா தயாரிப்பதில்லை. அமிலத்தைத் தாங்கிப் பிடிக்க அது இல்லாததால் சிறுநீர் நாள் முழுக்க 5-ஐ ஒட்டியே கிடக்கும். இந்தக் கேஸில் முதல் சந்தேகம் எனக்கு இதன்மேல்தான்.

பீக்கர்:

ஆயாவின் ஆத்தங்குடிக் கல் உதாரணம் நல்ல கவனிப்பு. ஆனால் அந்தக் கல்லும் இந்தக் கல்லும் வேறு சரக்கு. ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் வார்த்தது. கண்ணாடிப் பலகைமேல் வார்ப்பதால் வருகிற பளபளப்பு அது. சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் கார்பனேட்டும் அமிலம் பட்டால் கரையும். வெந்நீர்க் கெட்டிலில் படியும் உப்பும் கால்சியம் கார்பனேட்தான், அதனால்தான் எலுமிச்சையோ புளிச்ச மோரோ ஊற்றினால் விடுகிறது.

சிறுநீரகத்தில் அதிகம் வருவது கால்சியம் ஆக்சலேட். ஆக்சாலிக் அமிலம் லாக்டிக் அமிலத்தைவிட வலுவானது: ஒன்றின் பி.கே.ஏ. (அமிலத்தின் வலுவைக் காட்டும் எண், குறைந்தால் வலு அதிகம்) 1.25, மற்றதன் பி.கே.ஏ. 3.86. பலவீனமானது வலுவானதை அதன் உப்பிலிருந்து தள்ள முடியாது. ஆய்வகத்தில் இது பழைய சோதனை: கால்சியம் ஆக்சலேட் படிகத்தின்மேல் அசெட்டிக் அமிலம் விட்டால் அப்படியே கிடக்கும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால்தான் கரையும்.

யூரிக் அமிலக் கல்லுக்கோ கணக்கு தலைகீழ். அதற்கு அமிலம்தான் எதிரி. யூரிக் அமிலத்தின் பி.கே.ஏ. சிறுநீரில் சுமார் 5.35. பி.எச். 5.0 என்றால் நூற்றுக்கு 69 பங்கு கரையாத வடிவத்தில் இருக்கிறது. 6.5 என்றால் அது 7 பங்காகிவிடும். உங்கள் அண்ணனுக்கு 5.0-லிருந்து 6.5 வரை போகவேண்டிய தூரம் இதுதான். மோரால் அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் போகாது. (அமிலத்தில் கரையும் கல் ஒன்று உண்டு, கிருமித் தொற்றால் வரும் ஸ்ட்ரூவைட். அதையும் முதுகு வழியாகக் குழாய் போட்டுச் சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவித்தான் கரைத்திருக்கிறார்கள். குடித்து அல்ல.)

வீட்டில் பி.எச். பார்க்கப் பட்டை வாங்குங்கள். 4.5 முதல் 8 வரை, 0.5 இடைவெளியில் நிறம் காட்டுவது போதும். காலையில் எழுந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன், மூன்று வேளையும் எழுதி வையுங்கள். சாப்பிட்ட பிறகு சிறுநீர் கொஞ்சம் காரப் பக்கம் போவது சகஜம், அதனால் ஒரு வேளை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. டம்ளரில் பிடித்து வைத்துவிட்டு அரை மணி கழித்துப் பார்க்கக் கூடாது. நம்ம ஊர் வெயிலில் கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக்கிப் பி.எச்.-ஐ ஏற்றிக் காட்டக்கூடும். பட்டையை நனைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நொடிக் கணக்குக்கு நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டப்பா மூடியைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறிப் பட்டை பொய் சொல்லும்.

24 மணி நேரச் சிறுநீர் கேட்டால்: காலை 6 மணிக்குப் போவதைக் கீழே விடுங்கள், அதன்பிறகு மறுநாள் காலை 6 மணிப் பங்கு வரை ஒரு சொட்டு விடாமல் கேனில். கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட் மூன்றுக்கும் ஆய்வகம் கேனில் அமிலம் ஊற்றித் தரும். யூரிக் அமிலத்துக்கு அந்தக் கேன் ஆகாது, அமிலத்தில் யூரிக் அமிலம் அடியில் படிந்து அளவு குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கேனை வாங்குங்கள். மொத்தமும் சேர்ந்ததா என்பதைக் கிரியேட்டினினை வைத்துப் பார்ப்பார்கள்.

அடுப்படிக் கணக்கு:

மருந்துக்கடையில் சொன்னதை நம்பித் தயிரை நிறுத்திவிடாதீர்கள். கால்சியம் கல்காரர்களுக்கே அது தப்பான யோசனை. இத்தாலியில் நடந்து 2002-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று: கல் திரும்பத் திரும்ப வந்த, சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போகும் 120 ஆண்கள், 5 வருடம். கால்சியம் குறைத்துச் சாப்பிட்ட 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் வைத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. காரணம் எளிது. தயிரின் கால்சியம் குடலிலேயே கீரையின் ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோகிறது. கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தனியாக ரத்தத்துக்குள் நுழையும்.

இந்தப் பிடிப்பு ஒரே சாப்பாட்டில் நடக்க வேண்டும். மதியம் தண்டுக்கீரைக் கூட்டு, ராத்திரி பத்து மணிக்குத் தயிர் என்றால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. 100 கிராம் தயிரில் 120 முதல் 150 மி.கி. கால்சியம். இனிப்புத் தயிரிலும் புளித்த தயிரிலும் அது ஒன்றேதான். புளிக்கப் புளிக்கக் கூடுவது லாக்டிக் அமிலம் மட்டும்.

மோரில் நான் பயப்படுவது உப்புக்கு. கிண்டிக் கொடுக்கும் பெரிய டம்ளருக்கு அரை டீஸ்பூன் போடுவார்கள், அதுவே இரண்டரை கிராமுக்கு மேல். மூன்று டம்ளர் குடித்தால் ஒரு நாளைக்கான 5 கிராம் எல்லை தாண்டிவிட்டது, இன்னும் சோறே தொடவில்லை. தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் ஆவக்காயும் வந்தால் கேட்கவே வேண்டாம். சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும், கல் கட்டாமல் தடுக்கும் சிட்ரேட் குறையும். ஆகவே தயிர் 50 கிராம், தண்ணீர் 200 மி.லி., உப்பு விரல் நுனியில் ஒரு கிள்ளு, மீதிச் சுவைக்கு இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். நீராகாரத்துக்கும் இதே பேச்சு: தண்ணீராக உள்ளே போவது நல்லது, கூட விழும் கல்லுப்பு நல்லதில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் அடியில் கிடக்கும் சோற்றையும் கணக்கில் சேருங்கள்.

யூரிக் அமிலக் கல்லுக்கு நம்ம ஊர்ச் சாப்பாட்டில் கை வைக்க வேண்டிய இடம் வேறு. ஈரல் வறுவல், மூளை, குடல், நெத்திலி, மத்திச் சாளை, எலும்பு வேகவைத்த சூப்பு, இவை ப்யூரின் சுரங்கம், ப்யூரின்தான் உடம்பில் யூரிக் அமிலமாகிறது. கோலா உருண்டையும் கறிக்குழம்பும் தடை இல்லை, வாரம் இரண்டு முறை, ஒரு வேளைக்கு 75 முதல் 100 கிராம் கறி. விருந்து வீட்டில் ஒரே இலையில் கோழி, நண்டு, ஈரல் மூன்றும் வரும். அன்றைக்கு ராத்திரிச் சிறுநீர்தான் மோசமானது. அன்றைக்குப் படுக்கும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் கட்டாயம்.

செட்டி வைத்தியம்:

வாழைத்தண்டுச் சாறு வெறும் வயிற்றில் 100 மி.லி. கொடுங்கள், 21 நாளில் கல் கரைந்துவிடும். இத்தனை எழுத வேண்டியதே இல்லை.

அடுப்படிக் கணக்கு:

வாழைத்தண்டு நல்ல காய், சாப்பிடட்டும். பொட்டாசியம் இருக்கிறது, நார் இருக்கிறது, சாறாகக் குடித்தால் தண்ணீரும் சேர்கிறது. ஆனால் 21 நாள் என்று தேதி குறிக்க ஆதாரம் இல்லை. 5 மி.மீ.-க்குக் குறைந்த கல்லில் பெரும்பாலானது தானே இறங்கிவிடும், சாறு குடித்த வாரத்தில் இறங்கினால் பெயர் சாறுக்குப் போகிறது. யூரிக் அமிலக் கல்லுக்குப் பி.எச். ஏறியதா என்று பட்டை சொல்லட்டும்.

தண்டை நறுக்கியதும் மோர்த் தண்ணீரில் போடுகிறோமே, அது கல்லுக்கான மருந்து முறை என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை. வில்லையாக வெட்டும்போது வரும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு மோரில் போடாவிட்டால் பத்து நிமிடத்தில் கறுத்துவிடும். லாக்டிக் அமிலம் அந்தக் கறுப்புக்குக் காரணமான நொதியை அடக்குகிறது, அவ்வளவுதான் அங்கே அதன் வேலை.

பள்ளத்தூர் வாசி:

ரொம்ப நன்றி. ஆயாகிட்ட டைல்ஸ் கதையைச் சொல்லியாச்சு, "அப்ப மோர் குடிக்கலாம்ல, அது போதும்"னு முடிச்சுட்டாங்க. இன்னும் ரெண்டு கேள்வி. டாக்டர் எழுதினது பொட்டாசியம் சிட்ரேட் சிரப். கடையில அது இல்லன்னு டைசோடியம் சிட்ரேட் கொடுத்திருக்காங்க, ரெண்டும் ஒண்ணுதானாம். அப்புறம், மெட்ஃபார்மின் சாப்பிட்டா லாக்டிக் அமிலம் ஏறும்னு படிச்சேன். கல் இருக்கறவர் சாப்பிடலாமா? ஜிம்மை நிறுத்தணுமா?

நெஃப்ரான்:

ஒன்றில்லை. இரண்டுமே சிறுநீரைக் காரமாக்கும், அது வரைக்கும் சரி. டைசோடியம் சிரப் 5 மி.லி.-க்கு 1.4 கிராம் மருந்து, அதில் சோடியம் மட்டும் சுமார் 250 மி.கி. தினம் 30 மி.லி. என்றால் ஒன்றரை கிராம் சோடியம், சமையல் உப்புக் கணக்கில் கிட்டத்தட்ட 4 கிராம். மோரில் கிள்ளிக் கிள்ளிக் குறைத்தது எல்லாம் இதில் திரும்பி வந்துவிடும். திருப்பிக் கொடுத்துவிட்டு எழுதியதையே வாங்குங்கள். பொட்டாசியம் சிட்ரேட்டும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்த சிரப்பில் வழக்கமாக 5 மி.லி.-க்கு 1100 மி.கி. பொட்டாசியம் சிட்ரேட் இருக்கும், மருந்துச் சீட்டுக் கணக்கில் அது பொட்டாசியம் 10 மில்லி ஈக்விவலண்ட். அளவு டாக்டர் எழுதியதே. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், நேராகக் குடித்தால் வயிறு எரியும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் வகை மாத்திரையோ ஸ்பைரோனோலாக்டோனோ சேர்ந்தால் ரத்தப் பொட்டாசியம் ஏறக்கூடும், முன்கூட்டியே சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பட்டையில் பார்க்க வேண்டிய இலக்கு 6.2 முதல் 6.8. வேகமாகக் கரையட்டும் என்று அளவைக் கூட்டி 7-க்கு மேல் ஏற்றினால் யூரிக் அமிலக் கல்லின் மேல் கால்சியம் பாஸ்பேட் ஓடு கட்டும். அதன்பிறகு எந்தச் சிரப்பும் உள்ளே போகாது.

லெமன் ஜூஸ் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். எலுமிச்சையில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலமாகவே இருக்கிறது, பொட்டாசியம் சிட்ரேட்டாக அல்ல. சிறுநீர்ச் சிட்ரேட் கொஞ்சம் ஏறும், பி.எச். பெரிதாக ஏறாது. சிரப்புக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், பதிலாக அல்ல. சர்க்கரை போடாமல்.

மெட்ஃபார்மின்: சிறுநீரகம் நன்றாக இருக்கும்போது அது லாக்டேட்டைப் பொருட்படுத்தும் அளவுக்கு ஏற்றாது, கல்லையும் உண்டாக்காது. 1.1 கிரியேட்டினினுக்கு இந்த டோஸில் தடை இல்லை. வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர்.) 45-க்குக் கீழே வந்தால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். சிக்கல் வருவது திடீரென்று. கல் இறங்கிக் குழாயை அடைத்து, வாந்தியும் சேர்ந்து, சிறுநீரகம் வேலையை நிறுத்தினால் மாத்திரை வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் சேரும், லாக்டேட் அப்போது உண்மையிலேயே ஏறும். அதனால் வாந்தி நிற்காத நாளிலும், சிறுநீர் குறைந்த நாளிலும் மெட்ஃபார்மினைப் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். கல்லுக்கான சாதா சி.டி.க்குச் சாய மருந்து (கான்ட்ராஸ்ட்) ஏற்றமாட்டார்கள், அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம்.

கல்லும் லாக்டேட்டும் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும் இடம் ஒன்று: அடைத்த சிறுநீரகத்தில் கிருமி. இடுப்பு வலியோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், தலைசுற்றல் வந்தால் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. சர்க்கரைக்காரர் என்பதால் இன்னும் அவசரம். கிருமி ரத்தத்தில் பரவி, திசுக்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் லாக்டேட் 2-க்கு மேல் ஏறும், 4-க்கு மேல் போனால் நிலைமை கடுமை. அங்கே முதல் வேலை டி.ஜே. ஸ்டென்ட் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) போட்டோ முதுகு வழிக் குழாய் போட்டோ அடைப்பை வடிப்பது. கல்லை உடைப்பதெல்லாம் காய்ச்சல் தணிந்த பிறகு.

ஜிம்மை நிறுத்த வேண்டாம். எடை குறைந்தால் சிறுநீர் பி.எச். தானே மேலே வரும். பயிற்சிக்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் உள்ளே போக வேண்டும். கணக்கு குடிப்பதில் இல்லை, வெளியே போவதில் இருக்கிறது: 24 மணி நேரத்தில் இரண்டரை லிட்டர் சிறுநீர். தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். அந்த நடையில் லாக்டேட் பெரிதாக ஏறாது, ஆனால் வியர்த்து வியர்த்துச் சிறுநீர் தேன் நிறத்துக்கு வந்துவிடும். பந்தலுக்குப் பந்தல் பானகம் வேண்டாம், வெல்லம் சர்க்கரையை ஏற்றும்; வெறும் தண்ணீர்.

பீக்கர்:

லாக்டேட் ரத்தம் எடுக்கச் சொன்னால் ஒரு விஷயம். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி, கையில் கட்டும் ரப்பர் பட்டையை இறுக்கி வெகுநேரம் வைத்து எடுத்தால் அந்தக் கையின் தசையே லாக்டேட்டை ஏற்றிவிடும். ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, உடனே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். சாதாக் குழாயில் அரை மணி கிடந்தால் சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்று எண்ணை ஏற்றிவிடும்.

செட்டி வைத்தியம்:

தயிரில் நல்ல கிருமி இருக்கிறதே, அது ஆக்சலேட்டைத் தின்னும் என்று படித்தேன். அதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

நெஃப்ரான்:

பாதி. ஆக்சலேட்டையே சாப்பாடாகக் கொண்ட குடல் கிருமி வேறு, ஆக்சலோபாக்டர் என்று பெயர், 1985-ல் பெயர் வைத்தார்கள். அது தயிரில் இல்லை. லாக்டோபேசிலஸ் வகைகளில் சில ஆய்வகத் தட்டில் ஆக்சலேட்டைச் சிதைக்கின்றன, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் ஒரே மாதிரி வரவில்லை. அதற்காக மாத்திரை வாங்கிச் செலவழிக்க வேண்டாம், தயிர்ச் சோறு போதும். சிறுகுடலைப் பெருமளவு வெட்டி எடுத்தவர்களுக்கு மட்டும் கதை வேறு. பெருங்குடல் கிருமிகள் மாவுச்சத்தைப் புளிக்கவைத்து டி-லாக்டிக் அமிலம் (லாக்டிக் அமிலத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவம்) உண்டாக்கும், பேச்சு குழறும், அவர்களுக்கே ஆக்சலேட் கல்லும் வரும். வழக்கமான லாக்டேட் பரிசோதனையில் அந்த டி-வகை அகப்படாது, தனியாகக் கேட்க வேண்டும்.

பள்ளத்தூர் வாசி:

சிரப்பை மாத்திட்டோம். இன்னிக்குப் பட்டை: காலை 5.5, மதியம் 6.0, ராத்திரி 6.5. மூணு மாசம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தாப் போதுமா?

நெஃப்ரான்:

எக்ஸ்ரேயில் முன்னாலும் தெரியவில்லை, பின்னாலும் தெரியாது; கரைந்துவிட்டதென்று நினைத்து ஏமாறுவீர்கள். அல்ட்ராசவுண்ட் 6 வாரத்தில் ஒன்று, மூன்றாம் மாதம் குறைந்த கதிர் சி.டி. காலை 5.5 இன்னும் குறைவு. ராத்திரிப் பங்கைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளிக் கொடுக்கலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நடுவில் ஒரு முறை எழுந்து போனால், திரும்பிப் படுக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர்.